பெயரைக் காக்கும் உத்தியோகம்

என் தமக்கை மகன் ஒரு பெரிய கம்பெனியில் சீனியர் பிராண்ட் மானேஜராக இருக்கிறான். கம்பெனியின் பெயரைச் சொல்ல அவன் சம்மதிக்கமாட்டான். எனக்கும் சொல்லும் உத்தேசம் இல்லை. காப்பிப் பொடி, மால்ட் பானம், பிஸ்கோத்து முதலியவற்றைச் செய்து விற்கிற கம்பெனி என்று வைத்துக்கொண்டால் போதும். அவனுடைய உத்தியோகம் என்ன என்பது குடும்பத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அவன் கல்யாணத்தின்போது பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை காப்பிப் பொடி பண்ணுகிறாரா, விற்கிறாரா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். "பின்னே என்னதான் செய்கிறார்?" என்றார். "மேற்பார்வை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் ஒரு மனிதனுடைய தொழிலைச் சொல்லத் தெரியாமல் விழிப்பது கொஞ்சம் அவமானமான சமாசாரம். பிறகு ஒரு நாள் அவனையே கேட்டுவிட்டேன்.

"தோட்டத்திலேருந்து கொட்டை வாங்கறது ஒருத்தர், மாமா. வறுத்து அரைக்கிறது ஃபாக்டரி. கடையிலே கொண்டுபோய் வைக்கிறது சேல்ஸ். விளம்பரம் எடுக்கறது ஏஜென்ஸி. இவங்கள்லே ஒருத்தரும் எனக்குக் கீழே வேலை பார்க்கறவங்க இல்லை. ஆனா அந்தப் பாக்கெட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றான்.

அதிகாரம் மற்றவர்களிடம், பொறுப்பு இவனிடம். மைனர் பிள்ளையின் சொத்துக்குக் கார்டியன் போட்ட மாதிரி என்று எனக்குத் தோன்றியது. சொத்து கார்டியனுடையது அன்று. ஆனால் ஒரு மரம் பட்டுப்போனாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

போன தீபாவளிக்கு மறுநாள் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். பையில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. பெயர் கிடையாது, படம் கிடையாது. ஒன்றில் 'அ' என்றும் மற்றதில் 'ஆ' என்றும் பேனாவால் எழுதியிருந்தது. "பாட்டி, ரெண்டு தினுசு காப்பி போடச் சொல்றேன். எது நல்லா இருக்குன்னு நீங்கதான் சொல்லணும்" என்றான். என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. காப்பி விஷயத்தில் அவள் தீர்ப்புக்கு எங்கள் வீட்டில் அப்பீல் இல்லை. டம்ளரை மூக்குக்கு அருகில் கொண்டுபோகும்போதே, டிகாக்ஷன் முதல் தடவை இறக்கியதா இரண்டாம் தடவை இறக்கியதா என்று சொல்லிவிடக் கூடியவள். இரண்டையும் குடித்தாள். மறுபடியும் ஒவ்வொரு வாய் குடித்தாள். "ரெண்டும் ஒண்ணுதானேடா? இதிலே என்ன பரீட்சை வேண்டிக்கிடக்கு?" என்றாள்.

பேரன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது விஷயத்தைச் சொன்னான். 'அ' என்பது இப்போது கடையில் கிடைக்கிற பொடி: நூற்றுக்கு 60 பங்கு காப்பி, 40 பங்கு சிக்கரி. 'ஆ' என்பது வரப்போகிற பொடி: 57 காப்பி, 43 சிக்கரி. கொட்டை விலை ஏறிவிட்டது. மூன்றே மூன்று பங்கைக் குறைத்தால் வருஷத்துக்கு மிச்சமாகிற தொகையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. இந்தக் கலவையில் காப்பி 51 பங்குக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். ஆகவே சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. எத்தனை பங்கு என்பதைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம், அச்சிடத்தான் போகிறார்கள். பல ஊர்களில் ஜனங்களுக்குக் கொடுத்துச் சோதித்தாகிவிட்டது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "பாட்டி ஒருத்தர்தான் பாக்கி இருந்தாங்க" என்றான்.

"அப்புறம் என்ன தயக்கம்?"

"அதுதான் புரியலை, மாமா. கணக்கெல்லாம் சரியா இருக்கு. நான் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. பேனா ஓடமாட்டேங்குது. இந்த மாதிரி நடந்த கதையெல்லாம் எங்களுக்குக் கிளாஸ்லே சொல்லிக் குடுத்தாங்க; பரீட்சைக்குப் படிச்சு மறந்தாச்சு. நீங்க கதை படிக்கிற மாதிரி படிச்சுட்டு, என்ன தோணுதுன்னு சொல்லுங்களேன்."

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டவன் நான். வியாபார சாஸ்திரத்தில் ஓர் அட்சரம் தெரியாது. ஆனாலும் 'கதை மாதிரி படியுங்கள்' என்று சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த உத்தியோகம் பிறந்தது சோப்பு வியாபாரத்தில். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் புரொக்டர் அண்டு காம்பிள் என்ற கம்பெனி. அதன் பழைய செல்லப் பிள்ளை ஐவரி சோப்பு, 1879இல் பிறந்தது. பின்னால் வந்த கேமே சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீல் மெக்கெல்ராய் என்கிற இளைஞர். ஹார்வர்டில் படிப்பை முடித்த கையோடு 1925இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர். அவருக்கு ஒரு மனக்குறை. கேமே சோப்பு வெளியார் சோப்புகளோடு போட்டி போட வேண்டியிருந்தது, அது சகஜம். சொந்த வீட்டிலேயே மூத்தவளான ஐவரியோடும் போட்டி போட வேண்டியிருந்தது. பணமும் கவனமும் மூத்தவளுக்கே போயின. இளையவளைக் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் இல்லை.

1931ஆம் வருஷம் மே மாதம் 13ஆம் தேதி அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் கம்பெனியின் தலைவர் ரிச்சர்ட் டியூப்ரீ என்பவருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகிற குறிப்பு என்றால் பிடிக்காது. மெக்கெல்ராய் எழுதியதோ மூன்று பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மனிதரை நியமிக்க வேண்டும். உதவிக்கு ஆட்கள் வேண்டும். அந்தப் பெயருடைய சரக்கு எந்த ஊரில் எவ்வளவு போகிறது என்று அவர் கணக்குப் பார்க்க வேண்டும். நன்றாகப் போகிற இடத்தில் ஏன் போகிறது என்றும், போகாத இடத்தில் ஏன் போகவில்லை என்றும் அவரே நேரில் போய்க் கடைக்காரரையும் வாங்குகிறவரையும் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறர் எழுதிய விளம்பரத்தில் நொட்டை சொல்வதோடு நின்றுவிடாமல் முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். இவ்வளவுதான் சாரம். 'பிராண்ட் மனிதர்கள்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார். குறிப்பு நீளமாக இருந்தும் தலைவர் ஒப்புக்கொண்டார்.

மெக்கெல்ராய் 1948இல் அதே கம்பெனிக்குத் தலைவரானார். 1957 அக்டோபரில் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் அவரை அழைத்து ராணுவ மந்திரியாக்கினார். ருஷ்யாவின் ஸ்புட்னிக் ஆகாயத்தில் ஏறி ஐந்தாவது நாள் அவர் பதவி ஏற்றார். அவருடைய நிர்வாகத்தில் 1958இல் ஏற்பட்ட ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்திலிருந்துதான், பிற்காலத்தில் இன்டர்நெட்டாக விரிந்த கம்ப்யூட்டர் வலை தோன்றியது. சோப்புக்கட்டியைக் கவனித்துக்கொண்டிருந்த மனிதர் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார் பாருங்கள். நாவலில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

சோப்பிலிருந்து இந்த வழக்கம் சாப்பாட்டுக்கு வந்ததற்குக் காரணம் கடைகள் மாறியது. முன்னெல்லாம் அந்த நாட்டிலும் மளிகைக்காரர் பீப்பாயிலிருந்து அள்ளி, நிறுத்து, காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வாங்குகிறவர்கள் நம்பியது மளிகைக்காரரை. 1916இல் மெம்ஃபிஸ் நகரத்தில் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார்கள். அங்கே வாங்குகிறவர்களே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பழக்கம் பரவப் பரவ, நடுவிலே இருந்த மளிகைக்காரர் மறைந்துபோனார். அவர் மேல் இருந்த நம்பிக்கை எங்கே போவது? டப்பாவின் மேல் இருக்கிற பெயருக்குப் போயிற்று. அந்தப் பெயரைக் கவனிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய உணவுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மெக்கெல்ராயின் வழிக்கு வந்தன. அவருடைய கம்பெனியே 1963இல் ஃபோல்ஜர்ஸ் என்ற காப்பியை வாங்கி, 2008 வரையில் வைத்திருந்தது.

நம் பக்கத்திலும் இது நடந்ததுதான். என் சிறு வயதில் காப்பிப் பொடி வாங்க என் தகப்பனாரோடு போவேன். பீபரி இவ்வளவு, பிளான்டேஷன் இவ்வளவு என்று சொல்லி, கண்ணெதிரில் கொட்டையை இயந்திரத்தில் போடச் செய்வார். சிக்கரி எத்தனை என்று கடைக்காரர் கேட்பார். "எண்பதுக்கு இருபது" என்பார் அப்பா. சூடு ஆறாத பொட்டலத்தை நான் மார்போடு அணைத்துக்கொண்டு வருவேன். இப்போது எங்கள் வீட்டுக்குப் பாக்கெட் வருகிறது. எத்தனைக்கு எத்தனை என்று எங்களை யாரும் கேட்பதில்லை. அதைத் தீர்மானிக்கிறவன் என் மருமகப்பிள்ளை என்பது அன்று மொட்டை மாடியில்தான் எனக்கு உறைத்தது.

இனி கோகோ கோலாவின் கதை. இந்த உத்தியோகத்தில் இருக்கிறவர்களுக்கு இது ராமாயணம் மாதிரி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

1886இல் அட்லாண்டா நகரத்தில் ஜான் பெம்பர்ட்டன் என்ற மருந்துக்காரர் ஒரு பானகம் தயாரித்தார். அவருடைய கணக்கர் ஃபிராங்க் ராபின்ஸன் அதற்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைத் தம் அழகான கையெழுத்தில் எழுதியும் கொடுத்தார். இன்றும் பாட்டிலில் நாம் பார்ப்பது அந்தக் கணக்கரின் கைவண்ணந்தான். ஒரு கண்ணாடி ஐந்து சென்ட். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ராணுவ உடுப்பில் இருக்கிற எவருக்கும் அவர் எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஐந்து சென்ட்டுக்கு ஒரு பாட்டில் கிடைக்க வேண்டும் என்று கம்பெனித் தலைவர் ராபர்ட் உட்ரஃப் உத்தரவிட்டார். போர்முனைகளுக்குப் பின்னால் பாட்டில் அடைக்கும் ஆலைகளே கிளம்பிப் போயின. ஊரையும் வீட்டையும் நினைத்துக்கொண்டு அதைக் குடித்த பையன்கள் திரும்பி வந்த பிறகு வேறொன்றைத் தொடுவார்களா? யுத்தம் முடிந்த சமயத்தில் அமெரிக்கக் கோலா வியாபாரத்தில் நூற்றுக்கு 60 பங்கு அதன் கையில் இருந்தது. 1983இல் அது 24க்கும் கீழே இறங்கிவிட்டது.

பெப்ஸிக்காரர்கள் 1975இல் ஒரு தந்திரம் செய்தார்கள். கடைத்தெருவில் மேஜை போட்டு, பெயர் எழுதாத இரண்டு கோப்பைகளை வைத்து, "குடித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று போகிற வருகிறவர்களை அழைத்தார்கள். பலர் பெப்ஸியைச் சுட்டினார்கள். பெப்ஸியில் தித்திப்புச் சற்று அதிகம். ஒரே ஒரு வாய் குடித்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், தித்திப்பானதுதான் ஜெயிக்கும். முழு பாட்டிலையும் வீட்டில் உட்கார்ந்து குடிக்கிறபோது என்ன தோன்றும் என்பது வேறு விஷயம்.

அப்போது கோகோ கோலாவின் தலைவர் ராபர்ட்டோ கோய்ஸுவேட்டா, க்யூபாவில் பிறந்த ரசாயன என்ஜினீயர். விற்பனைக்குப் பெரிய தலை ஸெர்ஜியோ ஸைமன். அவர் பெப்ஸியிலிருந்தே வந்தவர். இருவரும் பானகத்தையே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தார்கள். ரகசியமாகப் புதிய பாகம் தயாராயிற்று. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலோர் புதியதே நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒரு சிறு கூட்டம், நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும், கோகோ கோலாவை மாற்றுவது என்ற பேச்சையே கேட்டு முகம் சிவந்தார்கள். கும்பலாக உட்கார்த்தி வைத்துக் கேட்டபோது, அந்தப் பத்துப் பேருடைய கோபம் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கம்பெனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இது வந்தால் பழையது போய்விடும், சம்மதமா?" என்று மட்டும் அந்த இரண்டு லட்சம் பேரையும் கேட்கவில்லை.

கிழவர் உட்ரஃப் தொண்ணூற்றைந்தாவது வயதில் 1985 மார்ச் 7ஆம் தேதி காலமானார். ஏப்ரல் 23ஆம் தேதி நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டிப் புதிய பாகத்தை அறிவித்தார்கள். பெப்ஸிக்காரர்கள் தங்கள் சிப்பந்திகளுக்கு லீவு விட்டுக் கொண்டாடினார்கள்.

பிறகு நடந்ததுதான் கதை. கம்பெனிக்குச் சாதாரணமாக நாளைக்கு 400 டெலிபோன் வரும். ஜூன் மாதத்தில் 1,500 வந்தது. கடிதங்களும் டெலிபோன்களுமாக 40,000க்கு மேல். 'தலைமை மடையர், கோகோ கோலா கம்பெனி' என்கிற பொருளில் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று நேரே கோய்ஸுவேட்டாவின் மேஜைக்கு வந்து சேர்ந்ததாம். தபால்காரருக்கு விலாசத்தில் சந்தேகமே வரவில்லை. ஸான் அன்டோனியோ ஊரில் ஒருவர் ஆயிரம் டாலருக்குப் பழைய கோலாவை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஹூஸ்டனில் விளையாட்டு மைதானத்தில் புதிய கோலாவின் விளம்பரம் தெரிந்ததும் ஜனங்கள் கூச்சலிட்டார்கள். டெலிபோனில் வருகிறவர்களின் பேச்சைக் கேட்கக் கம்பெனி ஒரு மனோதத்துவ டாக்டரை உட்கார்த்தி வைத்தது. குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள் என்று அவர் சொன்னார்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு தொடர்கதையில் நான் கதாநாயகியைச் சாகவிட்டபோது வந்த கடிதங்களைப் பரணில் இன்னும் வைத்திருக்கிறேன். கதை என்னுடையது என்று அதுவரையில் நினைத்துக்கொண்டிருந்தேன். 'அவளைக் கொல்ல உனக்கு என்ன உரிமை?' என்று ஒரு அம்மாள் கேட்டிருந்தார்.

ஜூலை 11ஆம் தேதி பழைய கோலா திரும்பி வருகிறது என்று அறிவித்தார்கள். டெலிவிஷனில் மத்தியானத் தொடர் நாடகத்தை நிறுத்தி இந்தச் செய்தியைச் சொன்னார்கள். அமெரிக்க மேல்சபையில் டேவிட் பிரையர் என்ற அங்கத்தினர் எழுந்து இதைச் சரித்திர முக்கியத்துவம் உள்ள சம்பவம் என்றார். எல்லாம் விளம்பரத்துக்காகச் செய்த நாடகமோ என்று சிலர் சந்தேகப்பட்டபோது, கம்பெனியின் டொனால்ட் கியோ, 'நாங்கள் அவ்வளவு முட்டாள்களும் இல்லை, அவ்வளவு கெட்டிக்காரர்களும் இல்லை' என்று பதில் சொன்னார். ஸைமன் சில காலத்தில் கம்பெனியை விட்டு விலகினார். 1993இல் அதே கம்பெனி அவரை மறுபடி அழைத்துக்கொண்டது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் என் மருமகப்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டிய பதில் சுலபமாக இருந்திருக்கும். 'பழையதில் கை வைக்காதே' என்று ஒரு வரி எழுதிப் போட்டிருப்பேன். ஆனால் தோண்டத் தோண்ட இன்னொரு சமாசாரம் அகப்பட்டது. அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

கோகோ கோலாவில் போடுகிற தித்திப்பு ஆதியில் சர்க்கரைதான். சர்க்கரை விலை ஏறியது. 1980இல் கம்பெனி, பாதிச் சர்க்கரைக்குப் பதில் மக்காச்சோளப் பாகு சேர்க்கலாம் என்று தன் அமெரிக்க பாட்டில் ஆலைகளுக்கு அனுமதி கொடுத்தது. 1984 முடிவதற்குள் முழுவதுமே சோளப் பாகாக இருக்கலாம் என்றது. பிரசித்தமான அந்த ஏப்ரல் மாதத்துக்குச் சில மாதங்கள் முன்னால்! யாரும் மேல்சபையில் எழுந்திருக்கவில்லை. டெலிபோன் மணி கணகணக்கவில்லை. எந்தப் பழைய பானகத்துக்காக ஜனங்கள் அழுதார்களோ, அதிலேயே அநேக ஊர்களில் சர்க்கரை சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போயிருந்தது.

அப்படியானால் பாடம் என்ன? கூட்டம் கூட்டிச் சொன்னால் அடி விழும். சத்தம் போடாமல் செய்தால் ஒன்றும் ஆகாது. என் மருமகப்பிள்ளையின் மேலதிகாரிகளுடைய வாதமே இதுதான் போலிருக்கிறது. மூன்று பங்குக்குப் பெரிய விளம்பரமா செய்யப்போகிறார்கள்? சட்டம் சொல்கிறபடி அச்சிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை என்பது அவன் ஆபீஸில் செல்லுபடியாகிற காரணம் அல்லவே?

மூன்றாவது கதை மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் பீர். பீர் சமாசாரத்தை எழுதுவதற்காக வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் குடித்ததில்லை, படித்ததுதான். ஒரு காலத்தில் அமெரிக்காவில் முதலாவது, பிறகு வெகுகாலம் இரண்டாவது என்று கொடிகட்டிப் பறந்த பெயர் அது. 1970க்குப் பிறகு அதன் முதலாளிகள் செலவைக் குறைக்கத் தொடங்கினார்கள். முளைகட்டிய பார்லியில் ஒரு பங்கைக் குறைத்து அங்கே சோளப் பாகு சேர்த்தார்கள். புளிக்க வைக்கும் நாட்களைக் குறைத்தார்கள். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன மாற்றம். முதல் சில வருஷங்கள் லாபம் நன்றாகவே இருந்தது.

1976இல், என்னென்ன சரக்குச் சேர்க்கிறோம் என்பதைப் பாட்டிலின் மேல் அச்சிடச் சொல்லிச் சர்க்கார் சட்டம் போடக்கூடும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பீர் கலங்காமல் இருக்க அதுவரையில் சேர்த்துவந்த ஒரு பொருளின் பெயரை வெளியே சொல்ல அவர்களுக்கு மனமில்லை. வடிகட்டும்போதே வெளியேறிவிடுகிற வேறொன்றைச் சேர்த்தார்கள். அப்படியானால் அச்சிட வேண்டியதில்லை அல்லவா? அந்தப் புதிய பொருளும், நுரை நிற்பதற்காகப் போடுகிற மற்றொன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டிலுக்குள் துகள் துகளாக மிதந்தது. ஒரு கோடி பாட்டில்களையும் டப்பாக்களையும் திரும்ப வாங்கி அழிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பெயர் எழுந்திருக்கவில்லை. 1981இல் மில்வாக்கி ஆலையை மூடினார்கள். 1982இல் கம்பெனியே வேறொருவர் கைக்குப் போயிற்று.

என் மனத்தைத் தொட்டது அதற்கும் பிறகு நடந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து, அப்போது அந்தப் பெயருக்குச் சொந்தக்காரராக இருந்த பாப்ஸ்ட் கம்பெனி, 1960களில் இருந்த அசல் பாகத்திலேயே ஷ்லிட்ஸை மறுபடி செய்வது என்று தீர்மானித்தது. பாகம் எழுதிய காகிதம் முழுசாக அகப்படவில்லை. பழைய ஆலையில் வேலை செய்த கிழவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களுக்கு ஞாபகம் இருப்பதைக் கேட்டுக் கேட்டு அதைத் திரும்பச் சேர்த்தார்களாம். 2008இல் விற்பனைக்கு வந்தது. பெயர் ஆபீஸில் பத்திரமாக இருந்திருக்கிறது. பெயருக்கு உள்ளே இருந்தது கிழவர்களின் நாக்கில் இருந்திருக்கிறது.

இதையெல்லாம் அவனுக்கு ஒரு கடிதமாக எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் சரியாக மூன்று பக்கம்! கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: 'இப்போது 60 என்கிறாயே, அதற்கு முன்னால் எத்தனை இருந்தது?'

பத்து நாள் கழித்து டெலிபோனில் கூப்பிட்டான். பழைய ஃபைல்களைத் தேடி எடுத்திருக்கிறான். பதினைந்து வருஷத்துக்கு முன் 70. பிறகு 65. பிறகு 60. ஒவ்வொரு தடவையும் ஊர் ஊராகச் சோதனை நடந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் முடிவு. எழுபதை அறுபத்தைந்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அறுபத்தைந்தை அறுபதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். எழுபதை அறுபதோடு வைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

"அந்த நாள்லே யார் கையெழுத்துப் போட்டாங்கன்னு பார்த்தேன், மாமா. மூணும் மூணு பேர். இந்த நாற்காலியிலே யாரும் ரெண்டு வருஷத்துக்கு மேலே உட்கார்றதில்லை. நானும் அப்படித்தான். அவங்க மிச்சம் பிடிச்சுக் காட்டிட்டு மேலே போயிட்டாங்க" என்றான்.

"நீயும் போகலாமே" என்றேன், வேண்டுமென்றே.

"போகலாம்" என்றான்.

பொங்கலுக்கு வந்தபோது மூன்றாவதாக ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். ஃபாக்டரியில் தெரிந்தவர்களைப் பிடித்து, பழைய கணக்கில் எழுபதுக்கு முப்பது என்று அரைத்து வாங்கியது. என் தாயார் குடித்தாள். நாங்கள் இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதையாக இருந்தால், அவள் கண்களை மூடிக்கொண்டு பழைய காலத்துக்குப் போயிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

"மணம் இருக்கு. ஆனா டிகாக்ஷன் நீர்த்துப்போயிருக்கே? கெட்டியா இறக்கத் தெரியலையா உங்களுக்கு?" என்றாள்.

பதினைந்து வருஷமாகச் சிக்கரியின் கெட்டித்தனம் அவள் நாக்கைப் பழக்கிவிட்டது. எண்பதுக்கு இருபது குடித்து வளர்ந்த நாக்கு! என் மருமகப்பிள்ளை சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவன் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எழுபது அறுபத்தைந்தானதையும், அறுபத்தைந்து அறுபதானதையும் நிதானமாகச் சொன்னான். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாரைக் கேட்டுக் குறைச்சீங்க?" என்றாள்.

"பாக்கெட்டிலே போட்டிருக்கோம், பாட்டி."

"நான் கேட்டது அது இல்லை. யாரைக் கேட்டேன்னு கேட்டேன்."

அவன் பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரியே என் மேஜையில் உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதினான். அறுபதைக் குறைக்கக் கூடாது. குறைத்தே தீர வேண்டுமானால் எண்ணைப் பெயருக்குப் பக்கத்தில் பெயர் அளவுக்கே பெரிய எழுத்தில் போட வேண்டும். இனிமேல் சோதனை செய்தால் நேற்றைய பொடியோடு மட்டும் ஒப்பிடாமல் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய பொடியோடும் ஒப்பிட வேண்டும். மேலிடத்தில் பாராட்டவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. ஆறு மாதம் ஒத்திவைப்பதாகப் பதில் வந்தது.

அந்த ஆறு மாதம் முடிவதற்குள் அவனைப் பிஸ்கோத்துப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கமான மாற்றல்தான் என்கிறான். சம்பளமும் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. காப்பிக்கு வந்திருப்பவர் எப்படி என்று கேட்டேன். கெட்டிக்காரர் என்றான். ஃபைலைப் படித்தாரா என்று கேட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை.

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புதுப் பாக்கெட் வந்தது. என் மனைவி அதைப் பிரிப்பதற்குக் கத்தரிக்கோலை எடுத்தாள். "இரு, இரு" என்று சொல்லி, என் தாயார் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்த பிறகுதான் பிரிக்கவிடுகிறாள். எழுத்து பொடியாக இருந்ததால் கொஞ்ச நேரம் பிடித்தது. அறுபது என்றுதான் போட்டிருந்தது.